மூர்: ஒத்தெல்லோவ தமிழ்ல எப்படிக் கூப்பிடுறது?

ஷேக்ஸ்பியரோட 'ஒத்தெல்லோ' நாடகத்து ஹீரோ, வெனிஸ் படைக்குத் தளபதியா இருக்கிறவன்தான் ஒத்தெல்லோ. அந்த நாடகத்தோட டைட்டில்லயே இருக்கிற சொல்லு, 'வெனிஸ் நகரத்து மூர்'. நம்மள்ல பலர் மூர்னா கறுப்பர்னு நேரா எடுத்துக்கிறோம், அது பாதிதான் சரி.

லத்தீன்ல மவுரஸ்னா மவுரிட்டானியாக்காரன். இப்போ மொராக்கோ, அல்ஜீரியா இருக்கிற வட ஆப்பிரிக்கக் கரைதான் அந்த மவுரிட்டானியா. முதல்ல வெறும் ஊர்ப்பேரு. அப்புறம் அரபு பேசுறவங்க, முஸ்லிம்கள், கடைசில கறுத்த தோல் இருக்கிற யாரா இருந்தாலும் சரின்னு அர்த்தம் பரவிக்கிட்டே போச்சு. 1505ல இலங்கைல வந்து இறங்கின போர்த்துகீசியர் அங்க இருந்த முஸ்லிம்களையும் இதே பேர்லதான் கூப்பிட்டாங்க, அதுக்குத் தமிழ்ல சோனகர், யவனர்ங்கிறதுல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க, அரசாங்கப் பதிவுல இன்னிக்கும் 'இலங்கைச் சோனகர்'தான்.

அப்போ ஒத்தெல்லோவையும் சோனகன்னு சொல்லிடலாமான்னா, வேணாம். அவன் ஞானஸ்நானம் வாங்கின கிறிஸ்தவன், நாடகத்துலயே அது வருது. சோனகர்னா நமக்கு முதல்ல மதம்தான் ஞாபகம் வரும்.

முதல் சீனை மெதுவா படிச்சுப் பாருங்க. ஒத்தெல்லோவுக்குக் கீழ வேலை பார்க்கிற வில்லன் இயாகோவும் அவன் கூட்டாளி ரோடரிகோவும் ராத்திரில, ஒத்தெல்லோவோட மனைவி டெஸ்டிமோனாவோட அப்பா வீட்டு வாசல்ல நின்னு கத்துறாங்க, தடிச்ச உதடுங்கிறாங்க, கறுப்புக் கிடாங்கிறாங்க, மூர்ங்கிறாங்க, அந்த சீன் முழுக்க ஒரு தடவை கூட அவன் பேரைச் சொல்லல. ஆனா அதே சொல்ல டெஸ்டிமோனா பின்னாடி எவ்வளவு ஆசையா சொல்றா, 'என்னோட நோபிள் மூர்'னு!

இந்த நோபிள்தான் விமர்சகர்களுக்குத் தொண்டைல முள்ளு. தாமஸ் ரைமர்ங்கிற இங்கிலீஷ் விமர்சகர் 1693லயே, எங்க நாட்டுல ஒரு கறுப்பன் எக்காளம் ஊதுறவனா வேணா ஆகலாம், தளபதியாவா ஆவான்னு கேட்டார். இங்கிலீஷ் கவிஞர் கோல்ரிட்ஜ் ஹீரோவோட மேன்மைய ஒத்துக்கிட்டார், ஆனா அதுக்காக அவன் கறுப்பரே இல்லன்னுட்டார். ஒருத்தர் மேன்மையப் பறிக்கிறார், இன்னொருத்தர் நிறத்தைப் பறிக்கிறார், ரெண்டும் ஒண்ணாவே இருக்கலாங்கிறத ரெண்டு பேராலயும் தாங்க முடியல, எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோவம்தான் வருது. 1937ல விமர்சகர் லீவிஸ் கேட்டது வேற கேள்வி, அந்த மேன்மையே அவன் தனக்குத்தானே போட்டுக்கிற வேஷம் இல்லையான்னு. அதுக்கு நியாயம் இருக்கு, கடைசிப் பேச்சுல கூட அவன் தன்னைப் பத்தி என்ன எழுதணும்னு மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

நோபிள்ங்கிற இங்கிலீஷ் சொல்லுல உயர்குடியும் இருக்கு, பெருந்தன்மையும் இருக்கு. தமிழ்ல ரெண்டும் தனித்தனி. ஒத்தெல்லோ தன்னை ராஜவம்சம்னு சொல்றான், அது உயர்குடி. அவனை வெறுக்கிற இயாகோவே தனியா நிக்கும்போது அவனுக்கு நோபிள் சுபாவம்னு ஒத்துக்கிறான் பாருங்க, அங்க பெருந்தன்மைதான் பொருந்தும்.

அதனால மூரை மூர்னே விட்டுட்டு, பின்னாடி ஒட்டுற விகுதியில வேலையக் காட்டலாம். இயாகோ வாயில 'அந்த மூரன்', டெஸ்டிமோனா வாயில 'என் மூரர்'. வெனிஸை ஆளுற டியூக் சபைல ஒத்தெல்லோவ வரவேற்கும்போது இது எதுவும் வேணாம், 'வீர ஒத்தெல்லோ', அவ்ளோதான்.