கடுகளவு டங்ஸ்டன் ரவை ஈயத்துக்கு ஈடுகொடுப்பது எப்படி?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வசந்த கால வான்கோழி வேட்டைக்குத் தோட்டா வாங்கப் போனேன். நான் பழகியது எண் 5 ஈய ரவை. கடைக்காரர் எண் 9 டங்ஸ்டன் ரவையை நீட்டுகிறார். கடுகு போல இருக்கிறது. இது வான்கோழியை வீழ்த்துமா?"

வீழ்த்தும். ஏன் என்பதுதான் சுவையான கதை.

வான்கோழி வேட்டைக்கான ஷாட்கன் துப்பாக்கித் தோட்டாவுக்குள் ரவைகள், அதாவது சின்னஞ்சிறு உலோக உருண்டைகள், நூற்றுக்கணக்கில் உண்டு. வான்கோழியின் உடலைக் குறிவைக்கக் கூடாது. அடர்ந்த இறகும் தடித்த மார்புத் தசையும் ரவையைத் தடுத்துவிடும், பறவை காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். தலையும் கழுத்தும்தான் இலக்கு. அது சிறிய இலக்கு என்பதால் ரவைகள் நெருக்கமாகப் போய் விழ வேண்டும். எலும்பைத் துளைக்கும் வேகமும் மிச்சமிருக்க வேண்டும். ஈயத்தில் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. ரவையைச் சிறிதாக்கினால் எண்ணிக்கை கூடும், ஆனால் வேகம் சீக்கிரம் செத்துவிடும்.

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும். பதரும் நெல்மணியும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் பதர் காற்றோடு போகிறது, மணி காலடியில் விழுகிறது. காற்று தள்ளுவது பரப்பை. தள்ளலுக்கு எதிர்த்து நிற்பது எடை. ஆகவே பரப்புக்கு எவ்வளவு எடை என்பதே கேள்வி. உருண்டையின் விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகும், எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடும். சின்ன ரவை பதராகிப் போவது இப்படித்தான்.

இப்போது கணக்கைப் போடுவோம். அமெரிக்க ரவை எண்ணை 17இலிருந்து கழித்தால், விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். எண் 5 என்றால் 12 பங்கு, சுமார் 3 மி.மீ. எண் 9 என்றால் 8 பங்கு, சுமார் 2 மி.மீ. விட்டம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால் ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 11 கிராம். இந்த டங்ஸ்டன் கலவைக்கு 18. மூன்றில் இரண்டு பங்கை 18/11ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒன்றுக்குச் சற்றே மேல்! விட்டத்தில் இழந்ததை அடர்த்தி அப்படியே திருப்பித் தந்துவிட்டது. வேகத்தைக் காப்பதில் இரண்டும் ஏறத்தாழச் சமம். அதேசமயம் ஓர் அவுன்ஸில் ஈய ரவை 170 என்றால், டங்ஸ்டன் ரவை சுமார் 360. இந்தப் பெருக்கலை நான் எத்தனை முறை போட்டாலும் அலுப்பதில்லை.

ஈயத்துக்கு இன்னொரு மாற்றான எஃகின் அடர்த்தி 8கூட இல்லை. அதே ஆழம் துளைக்கப் பெரிய ரவை வேண்டும், எண்ணிக்கை விழுந்துவிடும். டங்ஸ்டன் பழைய குண்டு பல்பின் இழையாக நாம் பார்த்த அதே உலோகம். உருக 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதனால் பொடியை அழுத்திச் சுட்டெடுக்கிறார்கள். விலை பல மடங்கு. கடினமானது என்பதால், துப்பாக்கிக் குழலைக் கீறாதிருக்கத் தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அடைக்கிறார்கள்.

ஆனாலும் ஈயம் நச்சு. நீர்ப்பறவை வேட்டையில் 1991 முதல் அமெரிக்கா முழுவதும் ஈய ரவைக்குத் தடை. வான்கோழிக்குப் பல மாநிலங்களில் இன்னும் அனுமதி உண்டு. கலிஃபோர்னியா 2019இல் எல்லா வேட்டைக்கும் தடை போட்டது. அதுதான் சரி என்பேன். வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் ஈயம் பாய்ந்த இறைச்சிக் கழிவைத் தின்னும் கழுகுகள் என்ன பாவம் செய்தன?

தோட்டா விலையில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேட்டைத் தோட்டாக்கள் மீதான 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கும் ஆய்வுக்கும் போகிறது. அழிவின் விளிம்பில் நின்ற காட்டு வான்கோழி இன்று லட்சக்கணக்கில் பெருகியதில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆராய்ச்சிக்கு இப்படி நிலையான வருவாய் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வாசகருக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு குழலும், அதன் நுனியைக் குறுக்கும் சோக்கும் ஒவ்வொரு மாதிரி தூவும். முதலில் 40 கஜத்தில் ஒரு தாளை நட்டுச் சுடுங்கள். 10 அங்குல வட்டத்துக்குள் 100 துளைகளாவது விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். குறைந்தால் சோக்கை மாற்றிப் பாருங்கள், அல்லது இன்னும் பத்து கஜம் நெருங்கிய பிறகே சுடுங்கள்.