பாட்டைக் கேட்டே பெயர் சொல்லும் மென்பொருள்

பழைய ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே நாலாயிரம் எம்பி3. பாதிக்கு 'டிராக் 01', 'டிராக் 02' என்றே பெயர். மீதியில், பாடகர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பாட்டை இறக்கிய இணையதளத்தின் முகவரி. இதை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோதுதான், பாட்டின் பெயர் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற கேள்வியே வந்தது.

இசை வேறு, பெயர் வேறு. பெயர், டிபன் கேரியரில் ஒட்டிய சீட்டு மாதிரி கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சீட்டுக்கு ஐடி3 என்று பெயர். 1996இல் வந்த முதல் சீட்டு, கோப்பின் வாலில் வெறும் 128 பைட். பாட்டு, பாடகர், ஆல்பம் ஒவ்வொன்றுக்கும் 30 பைட். யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் தமிழை அதில் திணித்தால் ஒரு குறிக்கு 3 பைட் போய்விடும். 'ளை'யில் ளகரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. இப்படி எண்ணினால் 'இளையராஜா' 8 குறி, 24 பைட், தப்பித்தது. 'ஏ.ஆர்.ரகுமான்' 35 பைட், பாதியில் அறுந்துவிடும். அதைவிடக் கொடுமை, இசையமைப்பாளருக்கென்று கட்டமே கிடையாது. பாடகரைவிட இசையமைப்பாளரை வைத்தே பாட்டைத் தேடுகிற நாம் என்ன செய்வது? 1998இல் வந்த இரண்டாம் வடிவம்தான், எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யூனிகோடையும் அந்தக் கட்டத்தையும் கொடுத்தது.

சரி, சீட்டே இல்லாத 'டிராக் 01'? மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு 'ஸ்கேன்' அழுத்தினால், அது பாட்டைக் 'கேட்கிறது'. கேட்பது அதற்குள் இருக்கும் குரோமாபிரின்ட் என்ற நிரல். முதல் 2 நிமிடத்தை எடுத்து, சுமார் 0.37 நொடித் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுரம் எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்று பார்த்து 12 பெட்டிகளில் போடுகிறது. ஹார்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குள் இருக்கும் அதே 12 கட்டைகள். கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் ஒரே பெட்டிக்குள்தான். பெட்டிகளின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டு நொடிக்கு ஏறக்குறைய 8 எண்கள் எழுதுகிறது. இந்த எண்வரிசைதான் பாட்டின் கைரேகை. அக்கவுஸ்ட்ஐடி என்ற ரேகைத் தரவுத்தளத்தில் அதே ரேகை இருந்தால், மியூசிக்பிரெயின்ஸ் என்ற இசைத் தகவல் தளத்திலிருந்து பெயர் வந்துவிடும். 128 கேபிபிஎஸ், 320 கேபிபிஎஸ் என்ற ஒலித்தர பேதம் பெரிதாகப் பாதிக்காது, சுரம் மாறவில்லையே.

எனக்கு அடி விழுந்தது கேசட்டில். அப்பாவின் கேசட்டுகளிலிருந்து ஏற்றிய பாட்டுகளில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. எங்கள் டேப் ரெக்கார்டரின் மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கிறது. 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் பக்கத்துக் கட்டை அளவுக்கு, ஏறும். எல்லாச் சுரமும் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடும். காதுக்கு அதே பாட்டு, ரேகைக்கு வேறு ஆள். வேகத்தைக் குறைத்து மறுபடி ஸ்கேன் செய்ததில் சில பாட்டுகள் பிடிபட்டன.

மற்றவை தரவுத்தளத்திலேயே இல்லை. 2000இல் ராபர்ட் கே தொடங்கிய மியூசிக்பிரெயின்ஸில் விவரம் ஏற்றுவது பெரும்பாலும் நம்மைப் போன்ற ஆட்கள்தான். அதனால் கேசட் உறையைப் பார்த்து நானே ஏற்ற ஆரம்பித்தேன். ஏ பக்கம் முடிந்தது. பி பக்கம் மூன்றாவது பாட்டுக்கு எதிரே மை அழிந்திருக்கிறது. பாடியது யாரென்று அம்மாவிடம் போட்டுக் காட்டிக் கேட்க வேண்டும்.