கொறடா: நரி வேட்டையில் பிறந்த ஒரு பதவி

2019 செப்டம்பரில் லண்டன் செய்தி ஒன்றைத் தமிழில் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வரி இடறியது: “21 எம்.பி.க்களிடமிருந்து கொறடா பறிக்கப்பட்டது.” நமக்குக் கொறடா என்றால் ஓர் ஆள், கட்சி உறுப்பினர்களை அவைக்கு வரவழைத்துக் கட்சி சொன்னபடி வாக்களிக்க வைப்பவர். சட்டமன்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரை எப்படி 21 பேரிடமிருந்து பறிப்பது?

எழுதியவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ‘விப்’ (சாட்டை) என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. நாம் அதில் ஒன்றுக்கு மட்டும் தமிழ் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டுக்கும் அதையே போட்டு ஒப்பேற்றுகிறோம்.

சொல்லின் கதை நாயிலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தின் நரி வேட்டையில் வேட்டை நாய்கள் கூட்டமாக ஓடும். வழியில் ஒரு முயல் குறுக்கே போனால் போதும், இரண்டு நாய்கள் அதன் பின்னால் பிரிந்துவிடும். அவற்றைச் சாட்டையால் மிரட்டிக் கூட்டத்துக்குள் திருப்பிவிட ஒரு துணை வேட்டைக்காரன் இருப்பான். அவன் பெயர் ‘விப்பர்-இன்’. உள்ளே விரட்டுபவன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது நாடாளுமன்றத்துக்குள் வந்ததற்கு அன்றைய உறுப்பினர் எட்மண்ட் பர்க்கைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அரசைச் சாடி எழுதிவந்த ஜான் வில்க்ஸின் தேர்தல் செல்லாது என்று ஆக்கிய விவகாரம் அவையைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம். 1769 மே 8 விவாதத்துக்கு மன்னரின் அமைச்சர்கள் தங்கள் ஆட்களை வடக்கிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வரவழைத்திருந்தார்கள். அதைப் பர்க் வேட்டைக்காரன் மொழியில் கேலி செய்தார். கேலிக்குச் சொன்னது பதவியின் பெயராகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை 2004-இல் அதே நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. வேட்டை போய்விட்டது, வேட்டைக்காரன் மட்டும் அவைக்குள் இருக்கிறான்.

ஆக, முதல் பொருள் ஆள். அரசின் தலைமைக் கொறடாவின் அலுவலகம் நெடுங்காலம் டவுனிங் தெரு 12-ஆம் எண்ணில் இருந்தது. ஆனால் ஏட்டில் அவருடைய பதவிப் பெயர் ‘கருவூலத்தின் நாடாளுமன்றச் செயலர்’. மற்ற கொறடாக்களுக்கு அரண்மனைப் பட்டங்கள்கூட உண்டு. அவர்களில் ஒருவர், மன்னர் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்க வரும் நாளில், மன்னர் பத்திரமாகத் திரும்பும்வரை பக்கிங்காம் அரண்மனையில் பணயமாக இருக்க வேண்டும். இன்றைக்கும் இது நடக்கிறது. டீ கொடுத்து உட்கார வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது பொருள் தாள். அடுத்த வாரம் அவையில் என்னென்ன வருகிறது, எதற்கு வர வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்கு வாராவாரம் அனுப்பும் குறிப்பு. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் கீழே கோடு இழுத்திருக்கும். ஒரு கோடு என்றால் வந்தால் நல்லது. இரண்டு கோடு என்றால் அனுமதி வாங்காமல் வராதிருக்கக் கூடாது. மூன்று கோடு என்றால் வந்தே ஆக வேண்டும், சொன்னபடி வாக்களித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது பொருளில்தான் நம் செய்தி இடறி விழுந்தது. அந்தத் தாள் ஒருவருக்கு வருகிறது என்றால் அவர் கட்சியின் நாடாளுமன்றக் குழுவில் இருக்கிறார் என்று அர்த்தம். தாளை நிறுத்தினால் அவர் குழுவில் இல்லை. அதனால் ‘விப் பறிக்கப்பட்டது’ என்பதன் பொருள், கட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார் என்பது. 2019 செப்டம்பர் 3 அன்று, ஒப்பந்தம் இல்லாமல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்க வழிசெய்யும் தீர்மானம் 328க்கு 301 என்ற கணக்கில் நிறைவேறியது. அரசை எதிர்த்து வாக்களித்த 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களைப் பிரதமர் போரிஸ் ஜான்சன் நீக்கினார். அவர்களில் சர்ச்சிலின் பேரன் நிகோலஸ் சோம்ஸும் உண்டு, பல அமைச்சரவைகளைக் கண்ட கென்னத் கிளார்க்கும் உண்டு. அடுத்த மாதமே 10 பேரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, கொறடா என்றால் மிரட்டல் மட்டும்தானா? 1979 மார்ச் 28 இரவைப் பார்த்தால் வேறு முகம் தெரியும். ஜேம்ஸ் காலகனின் தொழிற்கட்சி அரசு சிறுபான்மையில் தத்தளித்துக்கொண்டிருந்தது, நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்துவிட்டது. ஒவ்வொரு தலையும் கணக்கு. தொழிற்கட்சியின் ஆல்ஃபிரட் பிராட்டன் என்ற உறுப்பினர் மரணப் படுக்கையில் இருந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுவந்து நாடாளுமன்ற முற்றத்தில் நிறுத்தினால் போதும், வாக்கு கணக்கில் சேரும். வழியிலேயே இறந்துவிடுவார் என்று பயந்து கொண்டுவரவில்லை.

இரு தரப்புத் துணைத் தலைமைக் கொறடாக்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பக்கம் ஒருவர் நோயில் படுத்தால் அந்தப் பக்கம் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்குவார். தொழிற்கட்சியின் வால்டர் ஹாரிசன் அதை நினைவூட்டினார். இப்படிப்பட்ட தீர்மானத்துக்கு அந்த வழக்கம் பொருந்தாது, ஒதுங்க யாரும் முன்வர மாட்டார்கள் என்றார் கன்சர்வேட்டிவ் கட்சியின் பெர்னார்ட் வெதரில். சொல்லிவிட்டு, கொடுத்த வார்த்தைக்காக நானே ஒதுங்குகிறேன் என்றாராம். ஒதுங்கியிருந்தால் அவருடைய அரசியல் வாழ்க்கை அன்றோடு முடிந்திருக்கும். ஹாரிசன் அதை ஏற்கவில்லை, அவரை விடுவித்துவிட்டார். முடிவு 311க்கு 310. ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது, மே மாதத் தேர்தலில் மார்கரெட் தாட்சர் வந்தார். பிராட்டன் சில நாட்களில் இறந்துபோனார். வெதரில் பின்னாளில் அவைத்தலைவர் ஆனார். நரி வேட்டை உவமை இந்த இரண்டு பேருக்கும் கொஞ்சமும் பொருந்தவில்லை.

வெளியுறவில் சாட்டையின் வீச்சு குறையும். ஈராக் போருக்கு முந்தைய 2003 மார்ச் 18 வாக்கெடுப்பில் 139 தொழிற்கட்சி உறுப்பினர்கள் டோனி பிளேர் அரசை மீறி, போருக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தார்கள். எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் ஆதரவும் சேர்ந்து போருக்கு அனுமதி கிடைத்தது. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீதான ராணுவ நடவடிக்கைக்கு டேவிட் கேமரன் ஆதரவு கேட்டபோது, 272க்கு 285 என்று தோற்றார். அன்று இரண்டு அமைச்சர்கள் பக்கத்திலேயே ஓர் அறையில் பேசிக்கொண்டிருந்து வாக்கெடுப்பைத் தவறவிட்டார்கள். வாக்கெடுப்புக்கு அழைக்கும் மணி காதில் விழவில்லையாம்! அந்த மணி கட்டடம் முழுக்க அடிக்கும், சுற்றுவட்டார மதுக்கடைகள் சிலவற்றிலும் அடிக்கும். எட்டு நிமிடத்தில் வாக்குக்கூடத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள்.

கொறடா சும்மா இருக்கும் வாக்கெடுப்புகளும் உண்டு. சமூகம் எங்கே நிற்கிறது என்பது அவற்றில் நன்றாகத் தெரியும். 1965-இல் கொலைக்குற்றத்துக்கான தூக்கு நின்றது, 1967-இல் ஆண்களுக்கிடையிலான பாலுறவு குற்றமல்ல என்றானது, அதே ஆண்டு கருக்கலைப்புச் சட்டம் வந்தது. மூன்றும் தனிநபர் மசோதாக்கள், கட்சி உத்தரவு இல்லாமல் நிறைவேறியவை. 2013-இல் தன்பாலினத் திருமண மசோதா 400க்கு 175 என்று இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. பிரதமர் கேமரனின் கட்சியிலேயே ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்கள் அதிகம். இறக்கும் தறுவாயில் இருப்பவர்கள் மருத்துவ உதவியோடு உயிர் நீக்க வழிசெய்யும் மசோதா 2024 நவம்பரில் 330க்கு 275, 2025 ஜூனில் 314க்கு 291 என்று கீழவையைக் கடந்ததும் இந்த வகையில்தான்.

ஆனால் இந்தச் சுதந்திரம் எப்போதும் சுத்தமானது அல்ல. 1971 அக்டோபரில் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேரும் தீர்மானத்துக்குக் கன்சர்வேட்டிவ் பிரதமர் எட்வர்ட் ஹீத் தன் கட்சிக்காரர்களை இஷ்டப்படி வாக்களிக்கச் சொன்னார். எதிர்த்து வாக்களிக்கச் சொல்லி மூன்று கோடு போட்டிருந்தது தொழிற்கட்சி. அங்கிருந்து ராய் ஜென்கின்ஸ் தலைமையில் 69 பேர் மீறி வந்து ஹீத்துக்கு வாக்களித்தார்கள். இந்தப் பக்கம் கயிற்றை அவிழ்த்துவிட்டால் அந்தப் பக்கமும் அவிழும் என்ற கணக்கு பலித்தது. ஹீத்தும் பழைய தலைமைக் கொறடாதான், 1956 சூயஸ் கால்வாய் நெருக்கடியின்போது கட்சியை மேய்த்தவர்.

அப்புறம் நம் சொல். ‘கொறடா’ தமிழ் அல்ல. இந்தியில் கோடா, மராத்தியில் கோரடா, தெலுங்கில் கொரடா, எல்லாம் சாட்டைதான். வெறுமனே சாட்டையைக் குறித்த சொல்லாகத்தான் தமிழுக்கும் வந்தது. சட்டமன்றம் வந்தபின் அந்தப் பொருள் உதிர்ந்து பதவி மட்டும் மிஞ்சியது. மாட்டு வண்டிக்காரர் கையில் இருப்பதை இன்று யாரும் கொறடா என்பதில்லை. இலங்கைச் செய்திகளிலும் பிரதம கொறடா என்று எழுதுகிறார்கள்.

தனித்தமிழில் சாட்டையர், நெறியாளர் என்றெல்லாம் வைத்துப் பார்க்கலாம். முதலாவது சிரிப்பு வரவழைக்கிறது. இரண்டாவது தொலைக்காட்சி விவாதம் நடத்துபவருக்குப் போய்விட்டது. ஆள் திரட்டி வந்து தலை எண்ணி மேற்பார்ப்பவருக்கு நம்மிடம் ‘கங்காணி’ என்ற அருமையான சொல் உண்டு, ஆங்கிலமே அதைக் கடன் வாங்கியது. ஆனால் தோட்டத் தொழிலாளர் நினைவில் அதற்கு இருக்கும் கசப்போடு அதை எந்த எம்.எல்.ஏ.வும் ஏற்க மாட்டார். ஆளுக்குக் கொறடாவே இருக்கட்டும். வேர் எதுவாக இருந்தாலும் ஊர் ஏற்றுக்கொண்ட சொல்.

தாளுக்குக் ‘கொறடா உத்தரவு’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவது சரியாகவே இருக்கிறது. மூன்று கோடு இருந்தால் ‘முக்கோட்டு உத்தரவு’ எனலாம். உத்தரவு இல்லாத வாக்கெடுப்புக்கு ‘மனச்சாட்சி வாக்கு’ போதும். 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் இந்திரா காந்தி விடுத்த அழைப்பிலிருந்தே அந்த வழக்கு நமக்குப் பழகியது.

மூன்றாவது பொருளில்தான் கவனம் வேண்டும். இந்தியாவில் 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போகலாம். பிரிட்டனில் பதவி போகாது. 2024 ஜூலையில், இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற விதியை நீக்கக் கோரி வாக்களித்த ஏழு தொழிற்கட்சி உறுப்பினர்களைக் கெய்ர் ஸ்டார்மர் இப்படித்தான் முதலில் ஆறு மாதத்துக்கு ஒதுக்கி வைத்தார். தொகுதி அவர்களிடமே இருந்தது. இதைப் ‘பதவி நீக்கம்’ என்று எழுதினால் தப்பு, ‘கட்சி நீக்கம்’ என்றாலும் அளவு மீறிவிடும். ‘நாடாளுமன்றக் குழு நீக்கம்’ என்பதே சரி. அந்தப் பழைய வரியை நான் திருத்தினால் இப்படி வரும்: “அரசை எதிர்த்து வாக்களித்த 21 எம்.பி.க்கள் கன்சர்வேட்டிவ் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டனர். இனி அவையில் சுயேச்சைகளாக அமர்வார்கள்.”