மார்கழி அசதி: பனியைக் குற்றம் சொல்வதற்கு முன்

கார்த்திகை தீபம் கழிந்த சில நாட்களிலேயே காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து மருத்துவர்களிடம் ஒரே பேச்சு வர ஆரம்பிக்கும். "உடம்பெல்லாம் அசதியா இருக்கு, எந்திரிக்கவே முடியலை, பனி ஒத்துக்கலை போல." தை முடியும் வரை இது ஓயாது. சத்து ஊசி ஒன்று போடுங்கள், ஒரு டானிக் எழுதுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். அந்த ஊசியால் ஒரு வாரம் தெம்பு வந்தது போலத் தோன்றும், பிறகு பழைய கதைதான்.

பனிதான் காரணமா? பகல் சுருங்கி வெளிச்சம் குறைவதால் வரும் குளிர்கால மனச்சோர்வை 1984இல் அமெரிக்காவில் நார்மன் ரோசந்தாலும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்தார்கள். குளிர்காலத்தில் பகல் வெகுவாகக் குறைந்துபோகும் வடக்கத்தி நாடுகளில் அது பெரிய தொல்லை. செட்டிநாடு இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 10 டிகிரி வடக்கே. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலே சுமார் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள்தான். விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும் குளிர், பத்து மணி வெயிலில் காணாமல் போய்விடும். நல்ல உடம்பை வாரக்கணக்கில் முடக்கிப்போட இந்த மாற்றம் போதாது. இரண்டு மூன்று வாரம் தாண்டியும் அசதி நீடித்தால், உள்ளே முன்பே இருந்த ஏதோ ஒரு குறை இந்த மாதங்களில் வெளியே தெரிகிறது என்றுதான் பொருள். அதைக் கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும்.

முதலில் தூக்கக் கணக்கு

மார்கழி வந்தால் நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குளித்துக் கோயிலுக்குப் போவது நல்ல பழக்கம். ஆனால் படுக்கும் நேரம் மாறுவதில்லை. தொலைக்காட்சியும் கைப்பேசியும் முடிந்து கண்ணை மூடப் பதினோரு மணி. மிஞ்சுவது ஐந்து மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் குறைந்தால் மார்கழி முடிவில் அறுபது மணி நேரக் கடன், அதாவது எட்டு முழு இரவுகளுக்கு மேல். இந்தக் கடனை எந்த டானிக்கும் அடைக்காது.

நாலு மணிக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். ஒரே நாளில் உடம்பு அதற்கு இணங்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் வீதம் படுக்கையை முன்னே தள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடியுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். கோயிலிலிருந்து வந்து ஆறரை முதல் எட்டரை வரை மறுபடி படுப்பவர்களுக்கு அன்று இரவு தூக்கம் தள்ளிப்போகும். அதைவிட மதியம் மூன்று மணிக்குள் இருபது, முப்பது நிமிடம் கண்ணயர்வது மேல்.

இன்னொன்று, சளி மாத்திரை. மூக்கொழுகலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் கலவை மாத்திரைகளில் பெரும்பாலும் குளோர்பெனிரமின் இருக்கும். இரவில் போட்டால் மறுநாள் காலையிலும் தலை பாரமாக இருக்கும். ஒரு வாரம் தொடர்ந்து போட்டுவிட்டு, பனியால் மந்தமாக இருக்கிறது என்பார்கள். வயதானவர்களுக்கு அதே மாத்திரை நடையில் தள்ளாட்டத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொடுக்கும். வெறும் சளிக்கு ஆவி பிடிப்பதும், உப்பு நீரால் கொப்பளிப்பதும், சுக்குமல்லிக் காபியும் போதும்.

எட்டு மணி நேரம் படுத்தும் அசதி தீரவில்லை, காலையில் தலைவலி, உரத்த குறட்டை, உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறது என்றால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும். மருத்துவரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரத்தச் சோகை

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தச் சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே ஒரு பெண் அசதி என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13, இவற்றுக்குக் கீழே போனால் சோகை. மெதுவாகக் குறைந்திருந்தால் 8 கிராமிலும் வீட்டு வேலை முழுதும் செய்துகொண்டு நடமாடுவார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முடி கொட்டும், அரிசி, சாம்பல், சாக்பீஸ் தின்னத் தோன்றும். குளிரும் மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் கூடுதலாக உறைக்கும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்ற பேச்சு பாதி இங்கிருந்துதான் வருகிறது.

கார்த்திகையில் மாலை போட்டது முதல் தைப்பூசம் வரை கவிச்சி சேர்க்காத வீடுகள் இங்கே நிறைய. அந்த இரண்டு மூன்று மாதத்தால் மட்டும் சோகை வந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே விளிம்பில் இருப்பவருக்கு, எளிதில் உடம்பில் ஒட்டும் இரும்பு ஈரலிலும் சுவரொட்டி என்னும் மண்ணீரலிலும் கறியிலும்தான் இருக்கிறது. அது நின்றதும் கணக்கு இறங்கும். முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஒட்டுவது குறைவு. கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடுதலாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் அதுவும் போகும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். 8, 9 கிராமில் இருப்பவருக்குப் பேரீச்சம்பழமும் வெல்லமும் போதாது, மாத்திரை வேண்டும்.

மாத்திரை பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் போடும் விதமே காரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. சோகையும் கர்ப்பமும் இல்லாத பெண்களுக்கு முன்காப்பாக வாரம் ஒன்று. சோகை வந்தவருக்கு அந்த அளவு போதாது. மருத்துவர் சொன்னபடி தினமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ போட வேண்டும். ஒருநாள் விட்டுப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலும் கூடுதலாக ஒட்டுகிறது என்றும், வயிற்றுத் தொல்லையும் குறையலாம் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு போடுவது நல்லது. குமட்டினால் சிறிது உணவுக்குப் பின் போடுங்கள். பால், டீ, கால்சியம் மாத்திரையோடு சேர்க்கவே கூடாது. மலம் கறுத்துப் போகும், அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு கிராம் ஏற வேண்டும். ஏறியதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதன்பிறகும் மூன்று மாதம் போட்டால்தான் உடம்பின் சேமிப்பு நிரம்பும். நிரம்பாவிட்டால் அடுத்த மார்கழியில் அதே அசதி வந்து நிற்கும்.

ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. எங்கேயாவது இரத்தம் கசியலாம். மூட்டுவலிக்காக மாதக்கணக்கில் போடும் டைக்ளோஃபெனாக், இதயத்துக்காகப் போடும் ஆஸ்பிரின், மூலம், குடல் புண், குடல் புற்று என எல்லாவற்றையும் தேட வேண்டும்.

காபி டம்ளரும் தைராய்டு மாத்திரையும்

தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். மார்கழியில் விடியலுக்கு முன் எழும் அவசரத்தில் மாத்திரையும் காபியும் ஒன்றாகப் போகும், அல்லது மாத்திரை மறந்தே போகும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி தேவை. மாதக் கணக்கில் இது தவறினால், தைராய்டு சுரப்பு குறைவதைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவு ஏறி, உடம்பு கனத்து, குளிர் தாங்காமல் போகும். மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லும் முன் போடும் முறையைச் சரிபாருங்கள்.

புதிதாகப் பரிசோதித்து டிஎஸ்ஹெச் 5, 6 என்று வந்தால் உடனே வாழ்நாள் மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. குளிர் மாதங்களில் அது இயல்பாகவே சற்று ஏறும், வயதானவர்களுக்கும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். முடி வளர பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் இரண்டு நாள் நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள், இல்லாவிட்டால் முடிவு பிழையாக வரலாம்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் போடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். வயிற்று எரிச்சலுக்குப் பான்டப்ரசோலை நிறுத்தாமல் போடுபவர்களுக்கும் அப்படியே. கால் மரத்துப்போவதும் அசதியும் சேர்ந்து வந்தால் இதைப் பாருங்கள். பிள்ளையார் நோன்பு, ஏகாதசி என்று விரதம் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு அல்லது இன்சுலினை வழக்கம்போல் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது. வியர்த்துக் கைநடுங்கி மயக்கம் வருவது தாழ்சர்க்கரை. விரத நாளுக்கு மாத்திரை அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வளவில் விழும் வெயில்

செட்டிநாட்டு வீடு வெயிலைத் தடுக்கவே கட்டப்பட்டது. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உள்ளுக்குள் உள்ளாகப் போகும் கட்டுகள். இரண்டாம் கட்டிலேயே நாள் முழுதும் இருக்கும் ஆச்சிக்கு நேர் வெயில் படுவதே இல்லை, வைட்டமின் டி குறைந்து அசதி வரலாம். நல்லவேளையாக வளவு என்னும் நடு முற்றம் திறந்தே கிடக்கிறது.

வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் காலை இளவெயிலில் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு. மார்கழியில் இங்கே அது ஏறக்குறைய பத்தேகால் முதல் இரண்டேகால் வரை. கையும் காலும் படும்படி இருபது, முப்பது நிமிடம், வாரம் நாலைந்து நாள் உட்கார்ந்தால் பலருக்குப் போதும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். காலை வெயிலும் வீணல்ல. அது கண்ணில் படும்போது உடம்பின் கடிகாரம் நேராகி, இரவில் தூக்கம் நேரத்துக்கு வரும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை அல்லது பொடி வாரத்துக்கு ஒன்று, வழக்கமாக எட்டு வாரம் போல எழுதப்படும். அதைத் தினமும் போட்டு, இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் சிறுநீரகக் கேடும் வரவழைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நாள்காட்டியில் கிழமையைக் குறித்துவைத்துப் போடுங்கள்.

பெரிய வீட்டில் தனியாக

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஒருவர் இருவராக இருக்கும் முதியவர்களின் அசதிக்கு வேறொரு காரணம் மிகச் சாதாரணமானது. ஒருவருக்காக யார் சமைப்பது என்று இரவில் டீயும் பிஸ்கட்டும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். காலையில் இடியாப்பம் அல்லது பணியாரம், மதியம் சோறும் குழம்பும். புரதம் எங்கும் இல்லை. எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம், 55 கிலோ ஆச்சிக்கு நாளைக்கு 55 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டை 6 கிராம் தரும். கால் லிட்டர் பால் 8 கிராம் தரும். வேகவைக்காத பருப்போ பயறோ 30 கிராம் எடுத்தால் 7 கிராம். உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்த கும்மாயம் இதற்கு நல்ல பண்டம், சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியைக் குறைத்துச் செய்யுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

குளிரில் தாகம் தெரியாது. இரவில் எழ வேண்டுமே என்று தண்ணீரையும் குறைப்பார்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை. ஒன்றரை லிட்டரை மாலை ஆறு மணிக்குள் குடித்து முடித்தால் இரவில் எழ வேண்டாம். இதயம், சிறுநீரக நோயாளிகளுக்கு அளவு வேறு.

எதிலும் மனம் ஒட்டாமல், வழக்கமாகப் பிடித்ததெல்லாம் பிடிக்காமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எந்தப் பரிசோதனை

எண்பது பரிசோதனை சலுகை விலையில் என்ற விளம்பரத்துக்குப் போகாதீர்கள். எண்பது பரிசோதனையில் நாலாவது, இயல்பான ஆட்களுக்கும் கோட்டைத் தாண்டித்தான் காட்டும், அதன் பின்னால் அலைச்சல்தான் மிச்சம். முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிஎஸ்ஹெச், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீர் ஆகிய இவை முதலில். சோகை இருந்தால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், காரணம் இருந்தால் பி12, டி. இரும்புச்சத்துக் குறைவு இருக்கும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவு பொய்யாகச் சற்றுக் கூடக் காட்டும், அதை மட்டும் வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் டெங்கு வந்து போனவர்களுக்கு அசதி சில வாரங்கள் நீடிப்பது உண்டு. அவர்களுக்கு ஓய்வும் சாப்பாடும்தான் மருந்து. பழனிக்கு நடக்கப் போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுங்கள்.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. நடந்தால் நெஞ்சு இறுக்கமோ தாடை வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் திடீர் அசதியாகவும் வியர்வையாகவும் வரலாம். இரும்பு மாத்திரை போடாமலே மலம் தார்போல் கறுத்தாலும் அன்றைக்கே போக வேண்டும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரண்டு வாரம் தாண்டிய இருமல் இருந்தால் காசநோயா என்று பாருங்கள், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.

வெளியூரிலிருந்து போன் செய்யும் பிள்ளைகள் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்ற பதில்தான் வரும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தது, மாடிக்குப் போய் வந்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். பதிலை எழுதிவைத்து, மாத்திரை அட்டைகளின் படத்தோடு மருத்துவருக்குக் காட்டுங்கள்.