எந்த மில்?

சில ஆண்டுகளுக்கு முன் என் புறநோயாளிகள் பிரிவுக்கு ஒருவர் வந்தார். வயது முப்பத்து நான்கு. ஒரு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டிய நிலை. கையில் இருந்த பிளாஸ்டிக் பையில் மூன்று காசநோய்ச் சிகிச்சை அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆறு மாத மருந்து. மூன்று முறையும் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றே எழுதப்பட்டிருந்தது. என்ன வேலை என்று கேட்டேன். மில்லில் வேலை என்றார். நானும் நோயாளிச் சீட்டில் "மில் தொழிலாளி" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நான் பணிபுரியும் மேற்கு மாவட்டங்களில் மில் என்றால் நூற்பாலை. பஞ்சுத் தூசியால் வரும் மூச்சிறைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தாத எக்ஸ்ரேவைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் கடுகைத் தூவியது போலச் சிறு புள்ளிகள். சில இடங்களில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகத் தெரிந்தன. இரண்டாம் முறை வந்தபோது உடன் வந்த மனைவிதான் சொன்னார்: "நூல் மில்லு இல்லீங்க டாக்டர், கல்லை மாவா அரைக்கிற மில்லுங்க. ஆறு வருசமா அங்க மூட்டை பிடிச்சாருங்க." அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் பெயர் இருந்தது. சிலிக்கோசிஸ், அதாவது கல்லின் சிலிக்காத் தூசியால் நுரையீரல் தழும்பாகும் நோய். முதல் நாளே "எந்த மில்?" என்று நான் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அத்தகைய ஆலை ஒன்றுக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு நுரையீரல் மருத்துவர் அந்த இயந்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்த நோயைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு என்பது என் கருத்து.

அங்கே அரைபடுவது வெங்கச்சங்கல் என்று ஊரார் சொல்லும் குவார்ட்ஸ். ஏறத்தாழ முழுவதுமே சிலிக்கா. கண்ணாடி, பீங்கான், டைல்ஸ், பெயின்ட், வார்ப்படச் சாலை, இரும்பு உருக்கும் மின் உலையின் உட்பூச்சு எனப் பல தொழில்களுக்கு இதன் மாவு வேண்டும். தலையளவு கல்லை முதலில் தாடை போல் அசையும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையே, அதாவது ஜா கிரஷரில், நொறுக்குகிறார்கள். நொறுங்கிய ஜல்லி, வாளிகள் கோத்த எலிவேட்டர் வழியாக மேலே ஏறி, பல்வரைசர் என்னும் பொடியாக்கும் இயந்திரத்துக்கோ, பால் மில் என்னும் குண்டு மில்லுக்கோ போகிறது. பால் மில் என்பது படுக்கவைத்துச் சுழற்றப்படும் ஒரு பெரிய இரும்பு உருளை. உள்ளே குண்டுகள் உருளையோடு ஒரு பக்கம் மேலேறி, ஓர் உயரத்தில் பிடி விட்டுக் கீழே விழுகின்றன. விழும் அடியிலும் உருளும் உராய்விலும் கல் மாவாகிறது. உருளையை மிக வேகமாகச் சுழற்றினால் குண்டுகள் விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், அரைபடாது. ஆகவே வேகம் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். அரைத்ததைச் சல்லடையில் சலித்து, குழாய் வாயில் சாக்கைப் பிடித்து நிரப்பித் தைக்கிறார்கள். என் நோயாளி நின்ற இடம் அந்தக் குழாய் வாய்.

சந்தையில் 200 மெஷ் என்று விற்கப்படும் மாவு, 74 மைக்ரான் இடைவெளி உள்ள சல்லடையில் இறங்கியது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 74 மைக்ரான் தலைமுடியின் கனத்துக்கு அருகில் வரும் அளவு. இந்த அளவுள்ள துகள் மூக்கிலேயே சிக்கிவிடும், தும்மலில் வெளியேறிவிடும். ஆனால் கல்லை இந்த அளவுக்கு அரைக்கும்போது இதைவிட மிகச் சிறிய துகள்களும் கூடவே பிறக்கின்றன. ஏறத்தாழ 10 மைக்ரானுக்குக் கீழே வந்தால் குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் போகும். 4 மைக்ரானுக்கும் கீழே வந்தால் காற்று நுண்ணறை வரை எளிதாகப் போகும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கல் கனசதுரம் ஒன்றை ஒரு மைக்ரான் கனசதுரங்களாக உடைத்தால் ஒரு லட்சம் கோடி துகள்கள் கிடைக்கும். ஆறு சதுர சென்டிமீட்டராக இருந்த மேற்பரப்பு ஆறு சதுர மீட்டராகும். நுரையீரலோடு உரசுவது அந்த மேற்பரப்புதான்.

இந்தத் துகளைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மதியம் மில்லை நிறுத்தியதும் வெண்புகை போலத் தெரிந்த தூசி சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. காற்று தெளிந்துவிட்டது என்று நம்பி அங்கேயே ஓரமாக உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிறார்கள். அசையாத காற்றில் 5 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் ஒன்றரை மீட்டர் இறங்க ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்று ஆடினால் இன்னும் நேரமாகும். அவர்கள் சாப்பிட்டு, கண்ணயர்ந்து, மறுபடி மில்லை ஓட்டத் தொடங்கும்போதும் முற்பகலின் துகள் அங்கேயேதான் மிதந்துகொண்டிருக்கிறது.

உள்ளே போன துகளை நுரையீரலின் துப்புரவு அணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் சிலிக்காவை அவற்றால் செரிக்க முடியாது. விழுங்கிய அணு சிதைந்து, துகளையும் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் வெளியே கக்குகிறது. அடுத்த அணு அதே துகளை விழுங்கி அதே கதிக்கு ஆளாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தழும்பு மிஞ்சுகிறது. வேலையை விட்ட பிறகும் நோய் வளர்வது இதனால்தான். அப்போதுதான் உடைபட்ட சிலிக்காவின் புதுப்பரப்பு, நாள்பட்ட தூசியைவிட அதிக வினைத்திறன் கொண்டது, துகளும் மணலைவிட மிக நுண்ணியது என்பதால், ஆற்று மணலில் புரளும் குழந்தைக்கு வராத கேடு அரைவை மில்லில் நிற்பவருக்கு வருகிறது. குறைந்த தூசியில் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துத் தெரியும் இந்த நோய், தூசி மிகுந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் வரும். மாவு அரைக்கும் இடம் போன்ற கடும் தூசியில் சில மாதங்களிலேயே வந்துவிடுவதும் உண்டு. தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆபத்தும் அன்று. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்கள் பீங்கானை வெண்மையாக்கச் சிக்கிமுக்கிக் கல்லை உலர இடித்து மாவாக்கிச் சேர்த்தார்கள், இடித்தவர்கள் மடிந்தார்கள். தாமஸ் பென்சன் என்பவர் 1726இல், கல்லை நீருக்குள் வைத்தே அரைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உலர் தூசி மனித உயிருக்குக் கேடாக இருப்பதையே அதற்குக் காரணமாக அவர் காட்டினார். முதலில் இரும்புக் குண்டுகளை வைத்தார். இரும்பின் சாயல் மாவில் இறங்கிப் பீங்கானின் நிறத்தைக் கெடுத்ததால் 1732இல் கல் குண்டுகளுக்கு மாறினார். இன்றும் வெண்மை கெடக் கூடாத மாவுக்குப் பல மில்களில் இரும்புக் குண்டைத் தவிர்த்துக் கூழாங்கல்லைப் போடுகிறார்கள். அவருடைய குண்டைப் பின்பற்றியவர்கள் அவருடைய தண்ணீரைப் பின்பற்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வியப்பு.

ஆலை உரிமையாளர்கள் பக்கத்துக் காரணமும் இல்லாமல் இல்லை. நீரில் அரைத்த மாவை மறுபடி உலர்த்த வேண்டும். அதற்கு எரிபொருளும் இடமும் நேரமும் வேண்டும். உலை உட்பூச்சு மாவில் ஈரம் இருந்தால் உருகிய உலோகம் படும்போது விபத்து நேரும், எனவே வாங்குபவர் உலர் மாவையே கேட்கிறார். நான் இதை மறுக்கவில்லை. உலர அரைப்பது தவிர்க்க முடியாதது என்றால், தூசி வெளியே வராமல் அரைக்க வேண்டும். முழுவதும் மூடிய இயந்திரம், உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும்படி இழுக்கும் விசிறி, இழுத்த தூசியைக் காற்றைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோன் கருவியும் துணிப்பை வடிகட்டியும் எனத் தேவையானவை எல்லாம் சந்தையில் கிடைப்பவைதான். நான் பார்த்த ஆலையிலும் விசிறி இருந்தது. கரண்டுச் செலவு பார்த்து அதை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

தூசி கசியும் இடங்களும் அங்கே வேலை செய்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்: எலிவேட்டரின் மூட்டு, சல்லடையின் மேல்மூடி, பெல்ட்டிலிருந்து மாவு அடுத்ததில் விழும் இடம். எல்லாவற்றையும்விட மோசமானது மூட்டை பிடிக்கும் இடம், ஏனென்றால் சாக்குக்குள் மாவு இறங்கும் அதே வேகத்தில் சாக்கிலிருந்த காற்று தூசியோடு பிடிப்பவரின் முகத்துக்கு நேரே வெளியேறுகிறது. குழாய் வாயைச் சுற்றி உறிஞ்சும் கவசம் ஒன்று வைத்தால் இது பெருமளவு அடங்கும். அடுத்தது மாலையில் தரையைக் கூட்டுவதும் கம்ப்ரஸர் காற்றால் இயந்திரத்தையும் தங்கள் சட்டையையும் ஊதிவிடுவதும். படிந்த தூசியை மறுபடி மிதக்க விடும் வேலை அது. ஈரத் துணியால் துடைக்கலாம், நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் கொண்டு உறிஞ்சலாம். ஊதுவது மட்டும் கூடாது. வடிகட்டிப் பையை உதறி மாற்றும் நாளில்தான் முகமூடி மிகவும் தேவைப்படுகிறது; அன்றுதான் அவசரத்தில் அதை யாரும் தேடுவதில்லை.

முகமூடி என்றதும் கழுத்துத் துண்டைக் காட்டுபவர்கள் உண்டு. துண்டின் நெசவு இடைவெளி ஒரு மைக்ரான் துகளுக்குத் திறந்த வாசல். என்-95 வகை முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்தினால் காக்கும். தாடி இருந்தால் பொருந்தாது, வியர்வையில் நனைந்தால் மூச்சு முட்டும், எட்டு மணி நேரம் மூட்டை தூக்கிக்கொண்டு அதைக் கழற்றாமல் இருக்கச் சொல்வது சொல்பவருக்கு எளிது. எனவே முகமூடியைக் கடைசித் தற்காப்பாகவே கருத வேண்டும். முகமூடி கொடுத்தோம், அவர்தான் போடவில்லை என்று சொல்லி இயந்திரத்தின் குறையைத் தொழிலாளி தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

எவ்வளவு தூசி வரை பொறுக்கலாம் என்ற கேள்விக்கு நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு கணக்கு வகுத்தது. மூச்சில் உட்புகும் தூசியில் குவார்ட்ஸின் சதவீதத்தோடு இரண்டைக் கூட்டி, பத்தை அதனால் வகுக்க வேண்டும். தூய குவார்ட்ஸுக்கு அது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம். அமெரிக்காவில் 2016இல் அந்த வரம்பை 0.05ஆகக் குறைத்தார்கள். ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையில் நம் வரம்பை எட்ட மொத்தம் 6 மில்லிகிராம் தூசி போதும். ஒரு சிட்டிகை உப்பு அதைவிடப் பல மடங்கு எடை கொண்டது.

இந்த வரம்புகள் காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குஜராத்தின் கோத்ரா பகுதிக் குவார்ட்ஸ் ஆலைகளே சான்று. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் மழை பொய்த்த காலங்களில் அங்கே வேலைக்குப் போய், சில மாதங்கள் கல் மாவில் நின்று, ஊர் திரும்பி இறந்தார்கள். அப்படி இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை வழங்குமாறு குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. வழக்கு தொடரப்பட்டது 2006இல். உழைத்த இடம் ஒரு மாநிலம், இறந்த இடம் இன்னொரு மாநிலம். ஆலையின் சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அங்கே வேலை செய்தார் என்று நிறுவுவதே பெரும் போராட்டம்.

அந்தச் சான்று மருத்துவரின் பேனாவில் தொடங்குகிறது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்; இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆகவே காசநோயைத் தேடுவதும், இருந்தால் மருந்து கொடுப்பதும் சரியே. கிருமி ஒருமுறையும் அகப்படாத நிலையில் காசநோய் என்று மட்டும் எழுதி, மூன்று முறை மருந்து கொடுத்து, இறப்புச் சான்றிலும் அதையே எழுதி முடிப்பதுதான் பிழை. அந்தச் சான்றுக்குப் பின் அவர் குடும்பம் இழப்பீட்டுக்கு எந்தக் கதவையும் தட்ட முடியாது. சிலிக்கோசிஸ் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்திலும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்; கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைத் தலைமைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இந்தக் கடமை தங்களுக்கு உண்டு என்பதே தெரியாத சக மருத்துவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நானும் வெகுநாள் அப்படித்தான் இருந்தேன். ராஜஸ்தான் அரசின் 2019ஆம் ஆண்டுக் கொள்கையில், நோய் சான்றளிக்கப்பட்டதும் மூன்று லட்சமும் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும் உண்டு. அங்கேயும் பணம் சான்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

கல் அரைக்கும், நொறுக்கும், எம்-சாண்ட் எடுக்கும் ஆலைகளில் வேலை செய்தவர்கள், வேலையை விட்டு எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும்: எந்தக் கல், எந்த இயந்திரம், அதன் எந்தப் பக்கம் நின்றீர்கள், எத்தனை மாதம். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குக் குறைவாகவே தெரியும். தொடக்கத்தில் ஊதிப் பார்க்கும் சோதனை சரியாகவே வரலாம், அதை நம்பி எக்ஸ்ரே எடுக்காமல் இருக்க வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வேலைச் சட்டையை ஆலையிலேயே கழற்றி, குளித்து, வேறு சட்டையோடு வீட்டுக்குப் போங்கள். அதை உதறித் துவைக்கும் மனைவிக்கும் அருகில் விளையாடும் குழந்தைக்கும் மூக்கு உண்டு.

என் நோயாளி இப்போது வீட்டில் ஆக்சிஜனோடு இருக்கிறார். போன முறை வந்தபோது தம்பியையும் அழைத்து வந்தார். இருபத்தாறு வயது, இருமல் இல்லை, மூச்சிறைப்பு இல்லை, அண்ணன் விட்ட இடத்தில் இரண்டு ஆண்டுகளாக மூட்டை பிடிக்கிறார். எக்ஸ்ரேவில் மேற்பகுதியில் ஐந்தாறு புள்ளிகள் இருந்தன. ஆய்வுத் துறைக்கு எழுத வேண்டிய கடிதத்தை அவர்கள் இருவரும் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதினேன்.