மீன் தொட்டி பில்டரைக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். "தம்பி, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. ரெண்டு செத்தே போச்சு. கொஞ்சம் வந்து பாருங்க." நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு நான்காகியிருந்தது. மூன்றடித் தொட்டி, ஆறு கோல்டு ஃபிஷ், நான்கு வருடமாக வளர்த்தவை. மிச்சமிருந்த இரண்டும் செவுள் சிவந்து, தண்ணீர் மட்டத்தில் மூக்கை வைத்துக்கொண்டு தொங்கின.

தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த நீலப் படத்தின் ஓரக் கிழிசல்கூடத் தெரிந்தது. "கண்ணாடியாட்டம் இருக்குதுங்களே சார், தண்ணியில என்ன குறை?" என்று அவருடைய மகன் கேட்டார். டெஸ்ட் கிட்டை எடுத்து, சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, அம்மோனியா சொட்டு மருந்து விட்டுக் காட்டினேன். மஞ்சளாக நிற்க வேண்டியது ஐந்து நிமிடத்தில் கரும்பச்சையாகிவிட்டது. அவர் கேட்டதற்கு என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். எட்டு நாளுக்கு முன்னால், தண்ணீர் லேசாக மங்கியிருக்கிறது என்று புதிதாக ஒரு கேனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே, கீழே வைக்கும் மூடிய டப்பா பில்டர்) வாங்கியிருக்கிறார்கள். நல்ல பில்டர்தான், விலையும் அதிகம். அதை மாட்டிய அன்றே பழைய டாப் பில்டரை ஸ்பாஞ்சோடு கழற்றிப் போட்டுவிட்டார்கள். கூழாங்கல்லை மொத்தமாக அள்ளிக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, திரும்பப் போட்டு, முழுத் தண்ணீரையும் மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சிரத்தையோடு செய்த வேலை. அதனால்தான் மீன் செத்தது. இந்த மாதத்தில் இப்படி நான் பார்க்கிற மூன்றாவது வீடு இது. பொறுமையாக ஒவ்வொரு வீட்டிலும் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பில்டர் என்றால் டீ வடிகட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அழுக்கைப் பிடிக்கும், நிறைந்ததும் கழுவ வேண்டும், எவ்வளவு வெள்ளையாகக் கழுவுகிறோமோ அவ்வளவு நல்லது. இந்த எண்ணம்தான் தொட்டி அமைத்துக் கொடுக்கும் என் வேலையில் நான் பார்க்கும் பாதிச் சாவுக்குக் காரணம். தூசியைப் பிடிப்பது பில்டர் செய்கிற சின்ன வேலை. பெரிய வேலையைச் செய்வது அந்த ஸ்பாஞ்சிலும், பில்டருக்குள் போடும் பீங்கான் வளையமான செராமிக் ரிங்கிலும் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் விடுவது அம்மோனியா. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியா. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தக் குடித்தனம் ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் கொஞ்சம். ஸ்பாஞ்ச், கூழாங்கல், கண்ணாடிச் சுவர் என்று பரப்புகளில்தான் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு வாழும். நீங்கள் அழுக்கு என்று தேய்த்தெடுக்கும் அந்தப் பழுப்புப் பிசுக்கிலேயே அதுவும் இருக்கிறது. குழாயில் வருவது மேட்டூர்க் காவிரித் தண்ணீர் என்றால் அதில் குளோரின் கலந்திருக்கும். கிருமியைக் கொல்லத்தான் குளோரின் போடுகிறார்கள், அது நல்ல கிருமி கெட்ட கிருமி பார்ப்பதில்லை. "எங்க வீட்ல போர் தண்ணிதானுங்க" என்பார்கள். சரி, குளோரின் இல்லை. ஆனால் பைப்பை முழுசாகத் திறந்துவிட்டுப் பிழிந்து, பிரஷ் போட்டு, சேலம் வெயிலில் ஒரு மத்தியானம் காயவைத்தால் என்ன மிஞ்சும்? அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. தண்ணீரில் எவ்வளவு கரைந்திருந்தாலும் தண்ணீர் பளிங்கு மாதிரியே இருக்கும். கண்ணால் பார்த்து நல்ல தண்ணீர் என்று சொல்லவே முடியாது. அதனால்தான் அந்த வீட்டில் ஒரு வாரம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. இங்கே நான் சோதித்த போர்வெல் தண்ணீரில் பெரும்பாலும் பி.ஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு, 7 நடுநிலை) 7.5க்கு மேல்தான் நிற்கிறது. பி.ஹெச் ஏறினால், சூடு ஏறினால், அதே அளவு அம்மோனியா அதிக விஷமாகும். 28 டிகிரித் தண்ணீரில் பி.ஹெச் 7ல் இருப்பதைவிட 8ல் அதன் விஷப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு. போதாததற்கு, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடிக்கும் தண்ணீர் 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். சித்திரை வைகாசியில் எனக்கு அதிகமாக போன் வருவது இதனால்தான். அதற்காக ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றாதீர்கள். அதில் உப்புச் சத்து மிகக் குறைவு, பி.ஹெச் நிலையாக நிற்காது, பாக்டீரியாவும் திணறும்.

இப்போது பில்டர் எது வாங்குவது என்பதற்கு வருகிறேன். கடையில் "எத்தனை அடித் தொட்டி?" என்று மட்டும் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். என்ன மீன், எத்தனை என்று கேட்க வேண்டும். ஒரே இரண்டடித் தொட்டியில் பத்து கப்பி போடும் கழிவும் மூன்று கோல்டு ஃபிஷ் போடும் கழிவும் ஒன்றில்லை.

முதலில் லிட்டரைக் கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் போதும். அஸ்தம்பட்டித் தொட்டி 90க்கு 38க்கு 45. கிட்டத்தட்ட 154 லிட்டர் வரும். கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 130 லிட்டர். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் நான்கு முதல் ஆறு தடவையாவது பில்டர் வழியாகப் போய் வர வேண்டும். அப்படியென்றால் மணிக்கு 520 முதல் 780 லிட்டர். ஆனால் பம்ப் அட்டையில் அச்சிட்டிருக்கும் அளவு, பஞ்சும் உயரமும் இல்லாமல் வெறும் மோட்டார் தள்ளும் அளவு. குழாய் மேலேறி, ஸ்பாஞ்சைத் தாண்டி, பத்து நாள் அழுக்கும் சேர்ந்தபின் பாதிதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோல்டு ஃபிஷ், ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் மாதிரி கழிவு அதிகம் விடும் மீன் என்றால் அட்டையில் தொட்டி லிட்டரைப்போல் பத்து மடங்கு போட்டிருப்பதையே நான் எடுக்கச் சொல்வேன். ஃபைட்டர் மீனுக்கு இதே வேகத்தை வைத்துவிடாதீர்கள். அதன் துடுப்பு நீளம், ஓட்டத்தில் நீந்தியே களைத்துப் போகும்.

சின்னத் தொட்டிக்கு, கப்பி, மோலி, ஃபைட்டர் வளர்ப்பவர்களுக்கு, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் பில்டரே போதும். சில நூறு ரூபாய்தான். விலை குறைவு என்பதால் யாரும் மதிப்பதில்லை. எனக்குத் தெரிந்து சென்னைக் கொளத்தூரில் (நம் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் இல்லை) வண்ண மீன் குஞ்சு எடுப்பவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். குஞ்சை உறிஞ்சாது, காற்றும் கொடுக்கும். இரண்டு, மூன்றடித் தொட்டிக்கு மேலே உட்காரும் டாப் பில்டரோ, பின் கண்ணாடியில் தொங்கும் பில்டரோ வசதி. மூடியைத் திறந்தால் கைக்கு எட்டும். கேனிஸ்டர் நல்ல சாமான்தான், செடித் தொட்டிக்கு மிகவும் பொருந்தும். ஆனால் கீழே அலமாரிக்குள் இருப்பதால் ஆறு மாதம் யாரும் திறந்து பார்ப்பதில்லை. உங்களால் எதைத் தவறாமல் கவனிக்க முடியுமோ அதை வாங்குங்கள். நான்கடிக்கு மேல் பெரிய மீன் வளர்த்தால் கீழே சம்ப் (பில்டர் சாமான்களை வைக்கும் தனித் தொட்டி) கட்டுவதுதான் நல்லது. கல்லுக்கு அடியில் தட்டு வைக்கும் பழைய முறையைக் கல்லைக் கிளறும் கோல்டு ஃபிஷுக்கு நான் போடுவதில்லை.

உள்ளே போடும் வரிசை: முதலில் சொரசொரப்பு ஸ்பாஞ்ச், அடுத்து மெல்லிய பஞ்சு, அதற்கப்புறம் செராமிக் ரிங். ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் கரி எப்போதும் தேவையில்லை. மருந்து போட்டதை எடுக்கவும், மரக்கட்டையின் டீ நிறத்தை எடுக்கவும் மட்டும் போடுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் அதற்குச் சக்தியில்லை.

மங்கல் என்றதும் பில்டர் வாங்க ஓடவும் வேண்டாம். புதுத் தொட்டியில் பால் கலந்த மாதிரி வெளுத்தால் அது தண்ணீரில் மிதக்கும் வேறு வகை பாக்டீரியா பெருகும் காலம். தீனியைக் குறைத்துவிட்டுக் காத்திருங்கள், தானே தெளியும். மீன் மேலே வந்து தவித்தால் மட்டும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். பச்சையானால் வெளிச்சம் அதிகம். ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி, லைட்டை ஆறேழு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் யு.வி. விளக்கு உதவும். அது பச்சையைத்தான் கொல்லும், அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் டேங்க் கிளீனர் மீனும் தின்று கழிவு போடும் இன்னொரு மீன்தான். வளர்ந்து ஒரு அடியைத் தாண்டியதும் ஏற்காடு ஏரியில் கொண்டுபோய் விடுகிறோம் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். அது நம் ஊர் மீனில்லை, ஏரியில் பெருகினால் யாராலும் எடுக்க முடியாது.

பில்டரைக் கழுவும் விதம் இதுதான். பழைய தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் எடுத்து, ஸ்பாஞ்சை அதில் நாலு தடவை அமுக்கிப் பிழியுங்கள். பழுப்பாகவே இருக்கட்டும், வெள்ளையாக வேண்டாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது தண்ணீர் வரும் வேகம் குறையும்போது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கழுவாதீர்கள். இந்த வாரம் ஸ்பாஞ்ச் என்றால் ரிங் அடுத்த முறை. சோப்பு கூடவே கூடாது. மெல்லிய பஞ்சை மட்டும் தாராளமாக மாற்றலாம். மீனுக்கு நோய் என்று நீல மருந்தை முழுத் தொட்டியிலும் கொட்டாதீர்கள், அதுவும் இந்த பாக்டீரியாவைக் கெடுக்கும். நோயுற்ற மீனைத் தனி டப்பாவில் வைத்து மருந்து கொடுங்கள். புது பில்டர் வாங்கினால் பழையதும் புதியதும் ஆறு வாரம் சேர்ந்தே ஓடட்டும். வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போட்டபிறகு.

இன்னொன்று, கையை உள்ளே விடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். பலமுறை சொல்லிவிட்டேன், இன்னும் நேரில் பார்க்கிறேன்.

ஏற்காட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. அங்கே மார்கழி, தைக் குளிரில் பாக்டீரியா மந்தமாகத்தான் வளரும். ஹீட்டர் இல்லாவிட்டால் புதுத் தொட்டி நிலைபெற ஆறு வாரம் போதாது. காற்றும் மழையும் அடித்தால் கரண்ட் மணிக்கணக்கில் போகும். மூடிய கேனிஸ்டருக்குள் ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும், உள்ளே தேங்கியது அழுகும். நாலைந்து மணி நேரம் நின்ற கேனிஸ்டரைத் திறந்து பழைய தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே ஆன் செய்தால் அந்த நாற்றம் முழுவதும் மீன் மேல் வரும். அங்கே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பும் கூடவே ஒரு ஸ்பாஞ்ச் பில்டரும் இல்லாமல் நான் தொட்டி அமைத்துக் கொடுப்பதில்லை. ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் வைக்க முடியும் என்றால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாக மோட்டாருக்கு இறங்கிவிடும்.

அஸ்தம்பட்டி வீட்டில் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றி, ஏர் பம்ப் போட்டு, மூன்று நாள் தீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் என் வீட்டுத் தொட்டியில் இரண்டு வருடமாக ஓடும் ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் தொட்டித் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொண்டுபோய் அந்தப் புது கேனிஸ்டருக்குள் வைத்தேன். பழுப்பேறிய அதைப் பார்த்துவிட்டு, "இதக் கழுவிட்டுப் போடலாங்களா தம்பி?" என்று அந்த அம்மா கையை நீட்டினார். வேண்டாம்மா என்று வாங்கி உள்ளே வைத்து மூடினேன். இரண்டு மீன்களும் இன்று வரை உயிரோடு இருக்கின்றன. நேற்று எடுத்த டெஸ்டில் கரும்பச்சை இளம்பச்சைக்கு வந்திருக்கிறது. மஞ்சளாகும்வரை புது மீன் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.