முன்னால் போன பந்தும் பின்னால் எறிந்த கையும்

டிக்கோயாவிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, 2007 றக்பி உலகக் கிண்ணத்தில், வேல்ஸின் கார்டிஃபில் நியூசிலாந்து பிரான்ஸிடம் இரண்டு புள்ளியில் தோற்றதற்கு மத்தியஸ்தர் கவனிக்காமல் விட்ட முன்னோக்கிய பாஸ்தான் காரணம் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. இப்போதைய மெட்ச்களிலும் பந்து முன்னால் போவது அப்பட்டமாகத் தெரிகிறது. கோட்டைப் பார்த்தாலே போதும். ஆனாலும் விசில் இல்லை. கேட்டால் 'கை பின்னால்தான் போனது' என்கிறார்கள். பந்து முன்னால் போனால் முன்னால்தானே?"

அருமையான கேள்வி. இதற்கான விடை விதிப்புத்தகத்தில் பாதியும் பௌதிகவியலில் பாதியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு என்பதால்தான் சண்டை ஓயவில்லை.

மலையகத்திலிருந்து இப்படியொரு கேள்வி வருவதில் வியப்பும் இல்லை. துரைமார் காலத்திலேயே டிக்கோயாவிலும் திம்புளையிலும் றக்பி கழகங்கள் இருந்தன. கண்டி போகம்பறையில் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1906இல் மோதிக்கொண்டதுதான் நம் நாட்டில் பாடசாலைகளுக்கிடையிலான முதல் றக்பி ஆட்டம். நித்தவெல மைதானத்தில் கண்டி அணி ஆடும் நாளில் அந்தப் பக்கம் பஸ் பிடித்துப் போவதே பெரும்பாடு. நம் நாட்டு அணி சர்வதேச அரங்கில் இன்னும் சிறிய அணிதான் என்பதால், உலகக் கிண்ணம் வந்தால் இங்கே பலர் கறுப்புச் சட்டைக்காரர்களான நியூசிலாந்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அவர்கள் தோற்றால் இங்கேயும் தூக்கம் கெடுகிறது.

அந்தத் தோல்வியின் விவரம் சுருக்கமாக. 2007 ஒக்டோபர் 6, காலிறுதி. இடைவேளையின்போது நியூசிலாந்து 13-3 என முன்னிலை. இரண்டாம் பாதியில் பிரான்ஸ் மீண்டு வந்தது. பிரான்ஸ் வீரர் ட்ரெய்ல் கொடுத்த பாஸைச் சக வீரர் மிஷலாக் வாங்கிக்கொண்டு ஓடி, ஜோசியோனிடம் கொடுக்க, அவர் ட்ரை வைத்தார், அதாவது எதிரணியின் ட்ரை கோட்டில் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுத்தார். முடிவு 20-18. ட்ரெய்லிடமிருந்து மிஷலாக்குக்குப் போன பந்துதான் இன்றுவரை பிரச்சினை. மத்தியஸ்தர் வெய்ன் பார்ன்ஸ் அதைக் கவனிக்கவில்லை. அதற்காக அந்த இளைஞருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

இனி விதி. றக்பியில் கையால் பந்தை முன்னோக்கி எறியக்கூடாது. முன்னோக்கி என்றால் எதிரணியின் கடைக்கோட்டை நோக்கி. இந்த இடத்தில் உலக றக்பி அமைப்பின் விதிகள் ஒரு விளக்கத்தைச் சேர்த்திருக்கின்றன: பாஸ் கொடுப்பவரின் கைகள் முன்னோக்கி நகர்ந்தால்தான் அது முன்னோக்கிய எறி. பந்து தரையில் எந்த இடத்தைக் கடந்தது என்பதல்ல, கை எந்தப் பக்கம் தள்ளியது என்பதே கேள்வி. மத்தியஸ்தரைக் காப்பாற்ற இட்டுக்கட்டிய சாக்கு என்று பலர் இதை நினைக்கிறார்கள். பௌதிகவியல் தெரிந்தவருக்கோ இதைத் தவிர வேறு விதியே சாத்தியமில்லை என்று விளங்கும்.

ஏன் என்று பார்ப்போம். ஒரு வீரர் செக்கனுக்கு 8 மீற்றர் என ஓடுகிறார். மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீற்றர். நானுஓயாவிலிருந்து ஹட்டன் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும் ரயில் பெட்டியும் பல இடங்களில் ஏறத்தாழ இவ்வளவு கதியில்தான் போகிறது. அந்தப் பெட்டிக்குள் முன்னிருக்கையில் இருக்கும் நீங்கள், இரண்டு வரிசை பின்னால் இருக்கும் தம்பியிடம் ஒரு தோடம்பழத்தை மெதுவாக எறிகிறீர்கள். உங்களுக்கும் தம்பிக்கும் பழம் பின்னால் போனது. சந்தேகமே இல்லை. ஆனால் தண்டவாளத்தின் ஓரத்தில், கொழுந்து மலையில் நிற்கும் ஒருவர் ஜன்னல் வழியே அதே பழத்தைப் பார்த்தால்? ரயில் செக்கனுக்கு 8 மீற்றர் முன்னால் போகிறது. நீங்கள் பழத்தைச் செக்கனுக்கு 2 மீற்றர் பின்னால் தள்ளினீர்கள். மிச்சம் 6 மீற்றர். அவர் கண்ணுக்குப் பழம் முன்னால்தான் போகிறது, ரயிலைவிடக் கொஞ்சம் மெதுவாக. இருவர் சொல்வதும் உண்மை. சீராக நகரும் ஒரு கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவரால் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது என்று 1632இல் கலிலியோ எழுதியது இதைத்தான்.

இப்போது அந்தப் பழத்தை 400 கிராமுக்குச் சற்றுக் கூடிய றக்பி பந்தாக்குவோம். 8 மீற்றர் கதியில் ஓடும் வீரரின் கையில் இருக்கும் பந்தும் அதே 8 மீற்றர் கதியில்தான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. கையை விட்டுப் பிரிந்தவுடன் அந்த வேகம் எங்கேயும் காணாமல் போகாது. அதுதான் சடத்துவம். வீரர் பக்கவாட்டில் செக்கனுக்கு 10 மீற்றரும், பின்னோக்கி 2 மீற்றரும் வேகம் கொடுத்து ஒரு நேர்மையான பாஸ் எறிகிறார் என்று வையுங்கள். தோழர் 8 மீற்றர் தள்ளி ஓடி வருகிறார். பந்து அவரைச் சேர 0.8 செக்கன். அந்த நேரத்தில் தரையை வைத்து அளந்தால் பந்து 6 பெருக்கல் 0.8, அதாவது 4.8 மீற்றர் முன்னால் போயிருக்கும். கொடுத்தவர் கை பின்னால்தான் போனது, ஆனால் பந்து ஏறத்தாழ ஐந்து மீற்றர் முன்னால் பிடிக்கப்படுகிறது!

கொடுத்தவர் அதே 0.8 செக்கனில் 6.4 மீற்றர் ஓடிவிட்டார். பந்து அவருக்கு 1.6 மீற்றர் பின்னால் இருக்கிறது. வாங்குபவரும் அதே கதியில், அதே 1.6 மீற்றர் பின்தங்கி ஓடி வருகிறார். ஓடும் இருவருடைய உலகத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இருவருமே நின்ற இடத்தில் நிற்பதுபோல, பந்து சற்றுப் பின்வாங்கிக் கைமாறுகிறது. நிற்பது நாமும் கோடுகளும் மட்டும்தான்.

தரையை வைத்தே விதி எழுதுவோம் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால்? பந்து தரையில் ஓரங்குலமும் முன்னால் போகாமல் இருக்க, ஓடும் வீரர் தன் 8 மீற்றரை முழுவதும் ஈடுகட்டும்படி 8 மீற்றர் வேகத்தில் பின்னோக்கி எறிய வேண்டும். பக்கவாட்டு வேகம் 10 என்றால், பந்து ஏறத்தாழ 39 பாகை பின்னால் திரும்பிப் போக வேண்டும். வாங்குபவர் ஆறேழு மீற்றர் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே கைமாற்றும் அந்த அழகு ஆட்டத்திலிருந்தே போய்விடும். வேகமாக ஓடுபவருக்குத் தண்டனையும் மெதுவாக ஓடுபவருக்குச் சலுகையும் கொடுக்கும் விதி அது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் அடுத்ததுதான். பாஸ் கொடுத்த அதே கணத்தில் ஒரு தடுப்பாளர் வந்து அவரை மோதி வீழ்த்துகிறார் என்று நினையுங்கள். றக்பியில் இது அடிக்கடி நடப்பது. நல்ல வீரர் தடுப்பாளரைத் தன்னிடம் இழுத்துவிட்டுத்தான் பந்தை விடுவார். மோதல் அவரைத்தான் நிறுத்தும், பந்தை நிறுத்தாது. பந்து ஏற்கெனவே கையை விட்டுப் போய்விட்டது. அது தன் 6 மீற்றர் கதியில் முன்னேறிக்கொண்டே இருக்கிறது. ஓடியிருந்தால் பந்துக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய மனிதர், விழுந்த இடத்திலேயே கிடக்கிறார். இப்போது யார் பார்த்தாலும் கொடுத்தவருக்கு நாலைந்து மீற்றர் முன்னால் பந்து பிடிக்கப்படுவதுதான் தெரியும். அரங்கமே எழுந்து கத்தும். மாறியது பந்தின் பாதையல்ல. நம் கண் அளவுகோலாக வைத்திருந்த மனிதர் நின்றுவிட்டார், அவ்வளவுதான். ஒரே கை, ஒரே எறி, ஒரே பாதை. தடுப்பாளர் தவறவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, தடுப்பாளர் பிடித்தால் மத்தியஸ்தர் கள்ளன்! மீள்காட்சியைப் பார்க்கும்போது கொடுத்தவர் விழுகிறாரா, தொடர்ந்து ஓடுகிறாரா என்று முதலில் கவனியுங்கள். பாதி வாதங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

காற்றுத்தடையும் கொஞ்சம் விளையாடும். பறக்கும் பந்தின் முன்னோக்கிய வேகத்தை அது சற்றுக் குறைக்கும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் இன்னும் கூடுதலாக. நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிடக் குறைவு என்பதால் தடையும் அங்கே சற்றுக் குறைவு. ஒரு சாதாரண பாஸில் இவையெல்லாம் சாண் கணக்குதான். 4.8 மீற்றருக்கு முன்னால் பெரிதல்ல.

கமெரா செய்யும் வேலைதான் பெரிது. பிரதான கமெரா நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் இருக்கும். ஆட்டம் 22 மீற்றர் கோட்டுப் பக்கம் (ட்ரை கோட்டிலிருந்து 22 மீற்றர் தள்ளி இருக்கும் கோடு) போகும்போது கமெரா சாய்வாகத்தான் பார்க்கிறது. அப்போது மைதானத்தின் குறுக்குக்கோடுகள் திரையில் செங்குத்தாக இருக்காது. நமக்குக் கிட்டிய முனை ட்ரை கோட்டுப் பக்கமும், தூரமுனை நடுப்பக்கமும் சாய்ந்து தெரியும். ஆகவே தூரத்திலிருந்து கமெராவை நோக்கி வரும் பாஸ், துல்லியமாகக் குறுக்கே வந்தாலும், திரையில் முன்னால் நகர்வதாகத் தெரியும். கமெராவை விட்டு அப்பால் போகும் பாஸோ உண்மையில் சற்று முன்னால் போனாலும் குற்றமற்றதாகத் தெரியும். ட்ரை அருகே கிடைக்கும் வாய்ப்புகளில்தான் சண்டை அதிகம் வருவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? கோட்டோரத்தில் நிற்கும் துணை மத்தியஸ்தருக்கும் இதே தொல்லை உண்டு. உதைபந்தாட்டத்தில் ஓஃப்சைட் தவறுகளின் பெரும்பகுதி அவர்கள் நிற்கும் இடத்தின் கோணத்தால் வருபவை என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000இல் காட்டினார்கள். அவர்களுடைய நேர்மையோ கவனமோ அங்கே குறைவாக இருக்கவில்லை. கண்ணுக்குக் கிடைத்த கோணம் பிழை.

அப்படியானால் கார்டிஃபில் மத்தியஸ்தர் செய்தது சரியா? இல்லை. ட்ரெய்லுடைய பாஸை இந்த அளவுகோலால் அளந்தாலும் அது முன்னோக்கியதுதான் என்பதே என் முடிவு. சடத்துவம் அந்தப் பந்தைக் காப்பாற்றாது. ஆனால் அன்று பார்ன்ஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு கணத்தில் பார்த்ததை நாம் பல கோணங்களில் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறோம். அந்தக் காலத்தில் வீடியோ மத்தியஸ்தர் ட்ரை வைக்கும் இடத்தில் நடப்பதை மட்டுமே தீர்மானிக்கலாம். அதற்கு முன்னால் நடந்த பாஸைப் பற்றி அவரிடம் கேட்கவே விதி இடம் தரவில்லை. பிற்காலத்தில் அந்த அதிகாரம் விரிந்தது. விரிந்தபின் சண்டை நின்றதா? 2023 இறுதியாட்டத்தில் நியூசிலாந்து 12-11 எனத் தென்னாபிரிக்காவிடம் தோற்றபோது, ஆரன் ஸ்மித்தின் ட்ரை முன்பே நடந்த ஒரு நொக்-ஒன் (பந்து கையில் பட்டு முன்னால் விழும் தவறு) காரணமாகப் பறிக்கப்பட்டது. வீடியோ இவ்வளவு தூரம் பின்னால் போகலாமா என்பதே புதிய சண்டை ஆனது. அன்றைய மத்தியஸ்தரும் அதே பார்ன்ஸ்தான். இம்முறையும் மிரட்டல்கள், குடும்பத்துக்கும் சேர்த்து.

ஒரு புள்ளியில், இரண்டு புள்ளியில் தோற்றவுடன் "காசு வாங்கிவிட்டான்" என்பதும் "கண்ணூறு பட்டுவிட்டது" என்பதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. இரண்டுக்கும் ஆதாரம் தேவையில்லை, இரண்டும் ஆராய்வதை நிறுத்திவிடுகின்றன. எலுமிச்சம்பழம் வெட்டுவதால் யாருக்கும் காயமில்லை. ஆனால் ஆதாரமில்லாமல் ஒரு மனிதனைக் கள்ளன் என்பது காயப்படுத்துகிறது.

இதைச் சொல்லும்போது நம் வகுப்பறைகளையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. உயர்தரப் பௌதிகவியலில் சார்பியக்கம் என்றாலே ஆற்றைக் கடக்கும் படகும் மழையில் நடப்பவனின் குடையும்தான். மாணவர் சூத்திரத்தில் இலக்கங்களைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார். பாடசாலை மைதானத்தில் ஒரு பந்தும் ஒரு தொலைபேசியும் இருந்தால் அந்தப் பாடம் ஆயுளுக்கும் மறக்காது. நம் தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. இருக்கும் இடங்கள் சிலவற்றில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை. நாடு ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. வெளிநாடுகளில் பந்துக்குள் சென்சர் வைத்து, கையை விட்டுப் பிரியும்போது அது எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்று அளக்கும் சோதனைகள் நடக்கின்றன. அந்த மாதிரி ஒரு பந்தைச் செய்யத் தேவையான அடிப்படைக் கணிதம் நம் உயர்தரப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. கண்டியிலும் பேராதனையிலும் இவ்வளவு றக்பி இருக்கையில், அதை இங்கே ஏன் செய்யக்கூடாது? பணம் ஒதுக்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

வாசகருக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் டிக்கோயாப் பக்கத்து டரவளை மைதானத்தில் மூன்று பேர் போதும். ஒருவர் குறுக்குக்கோடு ஒன்றின் நேரே, மைதானத்துக்கு வெளியே தொலைபேசியை அசைக்காமல் பிடித்துப் படமெடுக்கட்டும். மற்ற இருவரும் முழு வேகத்தில் ஓடிவந்து, கோட்டின் மேல் வரும்போது ஒருவர் மற்றவருக்குத் தெளிவாகப் பின்னோக்கி ஒரு பாஸ் கொடுக்கட்டும். படத்தை மெதுவாக ஓட்டினால், கோட்டில் விட்ட பந்து கோட்டைத் தாண்டிப் பல மீற்றர் முன்னால் பிடிபடுவது தெரியும். அடுத்த முறை பாஸ் கொடுத்தவுடன் கொடுத்தவர் சடாரென்று நிற்கட்டும். இரண்டு படங்களையும் உங்கள் பக்கத்தில் சண்டை பிடிப்பவர்களிடம் காட்டி, எது முன்னோக்கிய பாஸ் என்று கேளுங்கள். இரண்டாவதைத்தான் காட்டுவார்கள். பிறகு இரண்டு படத்திலும் கொடுத்தவரின் கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.